முழுகாமல் இருந்தவர்களுக்குப் பதிலாக

எத்தல் அக்காவை எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ கூட்டாளிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். நான் ஸஹீதா, ஊர் ஏறாவூர். அதே ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்ட்டில் சிற்றூழியராக இருந்து ஓய்வுபெற்றவள். வார்ட்டிலிருந்து எக்ஸ்ரே எடுக்கப் போகிற பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது என் வேலை. கொண்டுபோய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வருகிற முதல் பேச்சு, "கதவ உடைக்கவா வந்த நீ?" என்பதாகத்தான் இருக்கும்.

அவர் மட்டக்களப்பு டவுணில் பிறந்த, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் தச்சுவேலை செய்தவர். அண்ணன் ஹோரேஸ் அவுஸ்திரேலியாவுக்குப் போனவன் போனவன்தான். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, ஒரு கார்ட் வரும், அதையும் இவர் திறந்து பார்க்காமல் ஜன்னலில் சொருகி வைப்பார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "என்னக் கட்டுற அளவுக்கு ஒருத்தனும் பாவம் செய்யல்ல" என்றார். அது ஒன்றுதான் அவர் தன்னைப் பற்றி எனக்குச் சொன்ன உண்மை.

எக்ஸ்ரே அறையில் அவருக்கு என்ன வேலை? கடதாசியில் இருந்தது ஒன்று, நடந்தது ஒன்று. கடதாசிப்படி அறையைத் துடைக்க வேண்டும், நோயாளியை மேசையில் ஏற்றி இறக்க வேண்டும். நடந்தது பிள்ளை பிடிக்கிற வேலை. கை முறிந்த பிள்ளையோ நெஞ்சில் சளி கட்டிய பிள்ளையோ, அந்த மேசையைக் கண்டதும் பேசாமல் கிடக்குமா? துள்ளும். துள்ளினால் படம் கலங்கும். ஆகவே ஒருவர் பிள்ளையை அமத்திப் பிடிக்க வேண்டும், பிடிக்கிறவரின் கைக்கும் சேர்த்துத்தான் கதிர் படும். படம் எடுக்கிற ஐயா தடுப்புக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை அமத்துவார். அதுதான் சட்டம், அவரில் குறையில்லை. பிடிக்கிறவருக்கு ஈயம் வைத்த அங்கி ஒன்று இருந்தது. அது நெஞ்சை மறைக்கும், கையை மறைக்காது. ஈயக் கையுறையும் ஒரு சோடி வந்தது, வந்த கையோடு அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. பூட்டாமல் விட்டிருந்தாலும் அது பலகை போல விறைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கைக்குழந்தையை யாராவது பிடித்துக் காட்டட்டும், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

பிள்ளையைத் தாய் பிடிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. தாயின் வயிற்றில் இன்னொரு பிள்ளை இருந்தால் பிடிக்கக் கூடாது, கதிர் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி என்பதும் ஒழுங்கு. சுவரில் மூன்று மொழியில் பலகை தொங்கியது: கர்ப்பிணிகள் முன்கூட்டியே அறிவிக்கவும். யாருக்கு அறிவிப்பதாம்? பக்கத்தில் மாமியார் நிற்கிறாள், முன்னே அந்நிய ஆண் நிற்கிறான். எங்கள் பக்கத்துப் பெண், தமிழோ முஸ்லிமோ, ‘நான் கர்ப்பம்’ என்று அங்கே வாய் திறப்பாளா? அந்தச் சொல்லே எங்கள் வாய்க்குப் பழக்கமில்லை. ‘முழுகாம இருக்கன்’ என்போம். மாதக் குளிப்பு நின்றுவிட்டதைச் சொல்கிற சொல் அது. அதையும் காதுக்குள்தான் சொல்வோம். அதுகூடச் சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் கூடுதல்.

எத்தல் அக்காவுக்கு அந்தப் பார்வை போதும். "முழுகாம இருக்கிற நாய்க்கு வாய் இல்லையோ? வெளிய போ!" என்று தோளைப் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்துவார். அவளின் புருஷன் கட்டாரில் இருப்பான், அல்லது கடலில் இருப்பான். வேறு யார் பிடிப்பது? அக்கா பிடிப்பார். வேலைக்குச் சேர்ந்த வயதிலிருந்து தலை நரைக்கும்வரை அப்படித்தான் பிடித்தார். ஏச்சு வாங்கிய தாய் கதவுக்கு வெளியே நின்று அழுவாள். "இவட கை அழுகிப் போகட்டும்" என்று ஒருத்தி மண்ணள்ளித் தூற்றாத குறையாகச் சபித்ததை நானே காதால் கேட்டேன்.

கை அழுகத்தான் செய்தது. முதலில் நகங்களில் கோடு விழுந்து வெடித்தது. அறை துடைக்கிற மருந்துத் தண்ணீரின் வேலை என்றார்கள். பிறகு விரல் நுனித் தோல் வரண்டு தடித்தது, பாலுண்ணி மாதிரி ஒன்று கிளம்பி ஆறாத புண்ணானது. வெட்டிச் சோதித்தபோது புற்றுநோய். வலது கையில் சுட்டுவிரலை எடுத்தார்கள், அடுத்த வருடம் நடுவிரலையும் எடுத்தார்கள். வெட்டிய டொக்டர் "இது கதிர் பட்ட கை" என்று வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. எழுதுவதற்கு எவ்வளவு கதிர் பட்டதென்ற அளவு வேண்டுமாம். படம் எடுக்கிற ஐயாமாருக்கு அதை அளக்க நெஞ்சில் குத்துகிற பட்ச் கொடுப்பார்கள். சிற்றூழியருக்குக் கொடுப்பதில்லை. அளவு இல்லை, ஆகவே கதிரும் படவில்லை. என்ன ஒரு நியாயம் பாருங்கள்!

வாவிக்குள் மாந்தீவும் அதில் குஷ்டரோக ஆஸ்பத்திரியும் இருந்த ஊர் இது. விரல் குறைந்த கையைக் கண்டால் இங்கே சனத்தின் புத்தி நேரே அங்கேதான் போகும். "எத்தல மாந்தீவுக்கு அனுப்பாம ஏன் வச்சிருக்கிறாங்க?" என்று எங்கள் ஆட்களே குசுகுசுத்தார்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற, இரண்டெழுத்துப் படித்த ஆட்கள். கன்டீன்காரன் இஷாம் அவருக்கென்று காது உடைந்த கோப்பை ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்தான். எல்லாரும் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி குடிக்க, அவருக்கு மட்டும் அந்தக் கோப்பை. அவர் ஒரு நாள் அதை வாங்கிக் குடித்தார். பிறகு கன்டீன் பக்கமே போகவில்லை. வாய்க்கு வாய் ஏசுகிற மனுஷி அன்றைக்கு ஏசாமல் திரும்பி வந்தார்.

"காசு ஒரு பக்கம் கிடக்கட்டும் ஸஹீதா," என்றார். "இது வேலையால வந்த எண்டு ஒரு வரி எழுதித் தரட்டும். அத இஷாம்ட மூஞ்சியில ஒட்டுறன்."

கடமையின்போது காயப்பட்ட அரசாங்க ஊழியருக்கு நட்டஈடு உண்டு. அதற்கு விண்ணப்பித்தார். வாக்குமூலம் எடுத்த கிளார்க் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினான்: முழுகாமல் இருந்த பெண்களுக்குப் பதிலாக நான்தான் பிள்ளைகளைப் பிடித்தேன். அது கொழும்புக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சிங்களமாக்கினார். பதில் வந்தது, திரும்பவும் தமிழாக்கப்பட்டு, சிவப்பு முத்திரையோடு.

"குளிக்காத தாய்மாரின் சுத்தமின்மை காரணமாக விண்ணப்பதாரி தமது சொந்த விருப்பின் பேரில் பிள்ளைகளைப் பிடித்துள்ளார். இது கதிரியக்கப் பாதுகாப்புடன் தொடர்புடைய காரணம் அன்று. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

அக்கா அதை இரண்டுதரம் வாசித்தார். "அப்ப நான் என்ன, அவளுகளக் குளிப்பாட்டவா சம்பளம் எடுத்த?" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த அதே மூச்சில் எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் கனகசிங்கத்தின் அறைக்குள் போனேன்.

"சேர், நீங்க மட்டக்களப்பார்தானே? முழுகாம எண்டா என்னெண்டு தெரியாதா உங்களுக்கு? உங்கட மெடம் முழுகாம இருக்காமலா மூணு புள்ள பெத்த?"

மனிதர் பேனையை மூடி வைத்தார். "மொழிபெயர்ப்பு என்ட வேலையில்ல. விருப்பமெண்டா அப்பீல் பண்ணச் சொல்லுங்க."

அவருக்கு எல்லாம் தெரியும். கடமையின்போது வந்த காயம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி அவருக்குத்தான் வரும். கையுறை ஏன் அலுமாரிக்குள் கிடந்தது? சிற்றூழியருக்கு ஏன் பட்ச் இல்லை? ஒரு மனுஷியின் கை போனாலும் தன் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். அப்படிப்பட்டவர்களை நான் மன்னிப்பதில்லை.

அப்பீல் விசாரணை டவுணில் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் சிங்கள டொக்டரம்மா ஒருவர், மற்றப் பக்கம் வாயே திறக்காத ஒருவர். இந்தமுறை மொழிபெயர்க்க றுக்ஷானா என்று ஓட்டமாவடிப் பிள்ளை ஒன்று வந்திருந்தது. அந்தப் பழைய கடிதத்தைப் பார்த்ததும் அது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு சிங்களத்தில் விளங்கப்படுத்தியது. டொக்டரம்மா தலையில் கை வைத்தார். விசயம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

கனகசிங்கம் விடுவாரா? "சேர், சொல்லுக்கு அர்த்தம் சரி. ஆனா எந்தத் தாய் அப்படி இருந்தது எண்டதுக்கு என்ன அத்தாட்சி? இந்த அம்மாக்கு ஆக்களக் கண்டா ஆகாது. கோபத்தில தள்ளிப்போட்டு இப்ப கதை சொல்றா."

தலைவர் யோசித்தார். அப்படி ஒரு தாயையாவது கொண்டுவாருங்கள் என்று இன்னொரு தவணை கொடுத்தார்.

எங்கே போவது? ஏச்சு வாங்கியவர்கள் கணக்கில்லை, சாட்சி சொல்லத்தான் ஒருத்தி இல்லை. எனக்கு முகம் தெரிந்தவர்களைத் தேடிப் போனோம். வாழைச்சேனையில் ஒருத்தி எங்களைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள், வீட்டில் ஆளில்லை என்று அவளே உள்ளிருந்து சொன்னாள். மாங்கேணியில் ஒருத்தி கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். நான் விசயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவள் நிமிர்ந்து எத்தல் அக்காவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், நான் அப்ப முழுகாமத்தான் இருந்தன். ஆனா இவட வாய்க்கு நான் வந்து சாட்சி சொல்லவா? போங்ககா. வேற ஆரயும் பாருங்க."

"ஒள்ளுப்பம், கொஞ்சமாவது பணிஞ்சி கதைங்களன் அக்கா" என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"பணிய மாட்டன். வா, போவம்" என்றார் எத்தல் அக்கா.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான் என்று பஸ்ஸில் அவரின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இடது கைப் பெருவிரல் நகத்திலும் கோடு விழத் தொடங்கியிருந்ததை அன்றுதான் கண்டேன்.

தவணைக்கு நாங்கள் வெறுங்கையோடு போனோம். கனகசிங்கம் வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் ஏறாவூர் ஷாகிராவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஷாகிரா அந்தக் காலத்தில் எத்தல் அக்காவுக்கு எதிராக ஆஸ்பத்திரியில் முறைப்பாடு கொடுத்தவள். இந்த மனுஷி எப்படிப்பட்டவள் என்று காட்டத்தான் அவளைத் தேடிப் பிடித்திருக்கிறார். துணைக்கு அவளின் மகள் ஸுஹைனா, கம்பசுக்குப் போகிற பிள்ளை, பின்வரிசையில் இருந்தது.

ஷாகிரா எழும்பினாள். இத்தனை வருசம் அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது.

"என்ட மகன் மரத்தால விழுந்து கை முறிஞ்சி கொண்டு போனன் சேர். இந்த மனிசி என்ன நாய் எண்டு ஏசின. முழுகாம இருக்கிற நாயே, வெளிய போ எண்டு தோளப் புடிச்சித் தள்ளின. புள்ள உள்ளுக்க ‘உம்மா, உம்மா’ எண்டு கத்துது, நான் கதவுக்கு வெளிய நிக்கிறன். கேக்கிறதுக்கு ஒரு மனிசர் இல்ல. முறைப்பாடு எழுதிக் குடுத்தன், அதுக்கும் பதில் இல்ல. இண்டைக்காவது எனக்கு நியாயம் வேணும்."

கனகசிங்கம் திருப்தியாகத் தலையாட்டினார். றுக்ஷானா ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தவள், ‘முழுகாம’ வந்த இடத்தில் ஒரு கணம் நின்று, எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். டொக்டரம்மா நிமிர்ந்தார். ஏதோ கேட்டார்.

"நீங்க அப்ப உண்மையா முழுகாம இருந்தீங்களா எண்டு டொக்டர் கேக்கிறாங்க" என்றாள் றுக்ஷானா.

மேசையில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் ஆண்கள். பக்கத்தில் கனகசிங்கம். ஷாகிரா நிலத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அந்தக் கதவடியில் எத்தனை பெண்கள் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன்! இவளும் சொல்லமாட்டாள், எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

எத்தல் அக்கா கதிரையில் இருந்தபடியே கத்தினார். "இப்பவும் வாய் இல்லையோ?"

அது போதும். வெட்கத்தைக் கோபம் தூக்கி எறிந்துவிட்டது.

"இருக்கு! இருக்கு வாய்! ஓம் சேர், முழுகாமத்தான் இருந்தன். மூணு மாசம். இந்தா, பின்னுக்கு இருக்கிற இந்த மகள்தான் வயித்தில. முழுகாம இருக்கிறது குத்தமா? அதுக்கு நாய் எண்டு ஏசுறதா?"

கனகசிங்கம் எழும்பி, "சேர், இது வேற விசயம்…" என்று தொடங்கினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. தலைவர் கையைக் காட்டி அவரை இருத்தினார்.

டொக்டரம்மா கேட்கக் கேட்க ஷாகிரா சொன்னாள். உள்ளே பிள்ளையை யார் பிடித்தது? "இவதான், வேற ஆரு? அந்த ஐயா மறைப்புக்குப் பின்னால போயிட்டார்." கையில் உறை போட்டிருந்தாரா? "இல்ல, வெறுங்கை. கதவு இடுக்கால பாத்தன். என்ட புள்ளட கைய ரெண்டு கையாலயும் அமத்திப் புடிச்சிருந்தா, குரங்கு மாதிரி."

டொக்டரம்மா எழுதினார், நெடுநேரம் எழுதினார். பிறகு எத்தல் அக்காவைப் பார்த்து, கையைக் காட்டச் சொன்னார். அக்கா இரண்டு கையையும் மேசையில் வைத்தார். ஷாகிரா அப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

வெளியே மாடிப்படியில் அவள் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "ராத்தா, அந்தப் படம் வயித்துப் புள்ளைக்குக் கூடாதா?"

"கூடாது."

"அத ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல?"

"அதுக்குத்தானே உன்ன வெளிய தள்ளின."

"தள்ளினா. சொல்லல்லியே!" அவளின் கண் கலங்கியது, ஆனாலும் கோபம் இறங்கவில்லை. அவள் சொல்வதும் நியாயம்தான். எத்தல் அக்காவின் முன்னால் போய் நின்றாள். "என்னை நாய் எண்டு ஏசினதுக்கு மன்னிப்புக் கேளுங்க."

"கேக்க மாட்டன்" என்றார் அக்கா. அவளைத் தாண்டிப் பின்னால் நின்ற ஸுஹைனாவைப் பார்த்தார். "இதுவா அண்டைக்கு வயித்துக்குள்ள கிடந்த? இஞ்ச வா. கையக் காட்டு."

பிள்ளை பயந்து பயந்து இரண்டு கையையும் நீட்டியது. அக்கா சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் விரலாகத் தொட்டார், தன்னிடம் மிஞ்சியிருந்த விரல்களால்.

"பத்தும் கிடக்கு," என்றார். "ஆ, போ. வழிய விட்டு நில்லு. எங்கட பஸ் போகப்போகுது."

ஷாகிரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள். கீழே இறங்கும்வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை.

நத்தாருக்கு முன் கடிதம் வந்தது. "கடமையின்போது கதிர்வீச்சினால் ஏற்பட்ட காயம்" என்று நல்ல தமிழில் இருந்தது. காசுக்குக் கணக்குப் பார்க்க இன்னொரு கந்தோர், அதற்கு இன்னொரு விண்ணப்பம். இதை எழுதுகிறபோதும் அது இழுபடுகிறது. விசாரணைக்கும் கடிதத்துக்கும் இடையில் இடது பெருவிரலையும் எடுத்துவிட்டார்கள். கடிதத்தை அந்த விரல் காணவில்லை.

காயம் ஆறிய பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கன்டீனுக்குப் போனார். நல்ல சனம். கடிதத்தை இஷாமின் மேசையில் விரித்துப் போட்டார். "வாசி. எல்லாருக்கும் கேக்க வாசி."

இஷாம் வாசித்தான். உடைந்த கோப்பையை எடுத்துக் குப்பைக்குள் போட்டான். எல்லாரும் குடிக்கிற கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றி, கொண்டுவந்து மரியாதையாக முன்னால் வைத்தான்.

எத்தல் அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அந்த மேசையில் பிள்ளைகளைப் பிடித்த மாதிரியேதான் பிடித்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர், வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"இந்தக் கிளாசக் கழுவினியா நீ?" என்றார்.